பக்கத்து மூன்று வாசல்கள்

"நீங்க அந்தப் பெட்டிகிட்ட என்னதானுங்க்கா சொன்னீங்க? அதை மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்."

மிதுலா இதை ஐந்தாவது தடவை கேட்டபோது எங்கள் வீதியில் பாதிப்பேர் கேட்டுக்கு வந்திருந்தார்கள். மீதிப்பேர் மொட்டைமாடியில் துணி காயப்போடும் பாவனையில் நின்றார்கள். ஒருவர் கையிலும் ஈரத்துணி இல்லை. நல்லதாகத்தான் சொன்னேன் என்று நான் நான்கு தடவை சொல்லியாயிற்று. ஐந்தாவது தடவை என் குரலும் ஏறிவிட்டது.

"எத்தனை வாட்டி அம்மிணி சொல்றது? மூணு மாசமும் நல்லா இருக்குதுன்னு ஒரே வார்த்தைதான் சொன்னேன்."

"நீங்க? ஒரே வார்த்தையோட நிறுத்துனீங்களா?"

அந்த நேரத்திலும் மாடியில் இரண்டு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். மிதுலா என் எதிர்வீட்டுக்காரி. முப்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மோட்டார் பம்ப் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். போன ஆனி மாதம் குழந்தைகள் நல வாரியத்திலிருந்து நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றை வளர்க்க அழைத்து வந்தாள். பெயர் அமுதினி. ஒரு வருஷம் பார்ப்பார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் குழந்தை சட்டப்படி அவளுடையது. ஏழாவது மாதத்தில், பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, வாரியத்து வண்டி வந்து குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டது. 'அக்கம்பக்க விசாரிப்பில் சூழல் சரியில்லை எனத் தெரியவந்ததால்' என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். இந்தச் சண்டை அதற்கு மூன்றாம் நாள்.

அக்கம்பக்கம் என்றால் யார்? அதில்தான் நான் வருகிறேன்.

முன்பெல்லாம் இந்த மாதிரி விசாரிப்புக்கு ஒரு அம்மா ஃபைலோடு நேரில் வருவார். காபி கொடுத்தால் உட்காருவார். நான் ஒரு மணி நேரம் பேசுவேன், அவர் அரைப்பக்கம் எழுதிக்கொள்வார். எதை எழுதுவது, எதை விடுவது என்று அவருக்குத் தெரியும். இப்போது அதெல்லாம் கிடையாது. வீட்டுக்கு வீடு கேட் தூணில் ஒரு வாசல்பெட்டி இருக்கிறது. டிபன் டப்பா அளவு, முன்னால் ஒரு கண். பார்சல் வந்தால் வாங்கிவைக்கும், மீட்டர் கணக்கை மின்வாரியத்துக்குச் சொல்லும், அரசாங்கம் ஏதாவது கேட்டால் நம்மை வாசலுக்குக் கூப்பிட்டுப் பதில் வாங்கி அனுப்பும். மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வாரியத்தின் ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் கம்ப்யூட்டர் நிரல், குழந்தை இருக்கும் வீட்டுக்கு மிக அருகிலுள்ள மூன்று வாசல்களைக் கேட்கும்: அந்த வீட்டில் குழந்தை நன்றாக இருக்கிறதா? நாம் என்ன பேசினாலும் பெட்டி அதைச் 'சரி' அல்லது 'சரியில்லை' என்று ஒரே வரியாக்கி அனுப்பிவிடும். மூன்றில் இரண்டு வாசல் தொடர்ந்து மூன்று மாதம் 'சரி' சொல்லாவிட்டால் வண்டி வரும். நடுவில் மனிதர் என்று ஒருவரும் கிடையாது. வண்டி ஓட்டுகிறவரும் கூட வருகிற இரண்டு பெண்களும்தான் மனிதர்கள், அவர்கள் கையில் தாள் மட்டும் இருக்கும்.

அந்தப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அமுதினி எங்கேயோ ஊருக்குப் போகிறோம் என்று நினைத்து அவசரமாகச் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள். மிதுலா குனிந்து உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். ரொம்ப நேரம் போட்டாள். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மூன்று வாசலில் எதிரே என் வாசல். மிதுலாவின் இடதுபக்கம் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற தெய்வசிகாமணி. வலதுபக்கம் தையல் யூனிட் வைத்திருக்கும் ஷகிலா பானு. மூன்றில் இரண்டு பேர் மிதுலாவுக்கு எதிராகச் சொல்லியிருக்கிறார்கள். வீதி முதலில் ஷகிலாவைச் சந்தேகப்பட்டது, காயப்போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டியதில் அவளுக்கும் மிதுலாவுக்கும் ஒரு தடவை பேச்சு வந்ததால். சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது நானில்லை என்று சொல்லமாட்டேன். அடுத்து மேனேஜர், அவர் யாரைப் பற்றியும் நல்லதாகச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை என்பதால். ஆனால் யார் எந்த ஜோடியைச் சேர்த்தாலும் அதில் என் பெயர் இருந்தது.

நியாயம்தான். மிதுலாவைப் பற்றி நான் பேசாத விஷயம் கிடையாது. குழந்தைக்குக் காலையில் பன்னும் ஆம்லெட்டும் கொடுக்கிறாள், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறாள், பிள்ளைக்குத் தலை வாரத் தெரியவில்லை, கல்யாணம் வேண்டாமாம் பிள்ளை மட்டும் வேண்டுமாம் என்று பால் வாங்கும் இடத்திலும் மாவு மில்லிலும் பேசியிருக்கிறேன். ஆனால் பெட்டி கேட்டபோது, மூன்று மாதமும், நல்லா இருக்குது என்று மட்டும்தான் சொன்னேன். வீதியில் பேசுவது வேறு, ஒரு குழந்தையைப் பற்றி அரசாங்கம் கேட்கும்போது சொல்வது வேறு. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மிதுலாவுக்கு எப்படித் தெரியும்?

சத்தம் கேட்டு பிரகதீஷ் கீழே இறங்கி வந்தான். மேனேஜர் வீட்டு மாடியில் குடியிருந்த தம்பி. வாரியத்துக்கு ஸ்கிரிப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. எந்தக் கம்பெனி என்று கடைசிவரை அவன் சொல்லவில்லை, நானும் ஆறு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். அவன் மிதுலாவிடம், பெட்டிகளிலிருந்து வந்த பதில் அப்படியே பதிவாகி இருக்கும், தான் எடுத்துக் காட்ட முடியும், காட்டக்கூடாது, ஆனாலும் காட்டுகிறேன் என்றான். வீதியில் வைத்து வேண்டாம் என்று நான்தான் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டேன். என் வீட்டில் என்றால் எனக்கும் தெரியுமே.

முன்னறையில் மேனேஜர், ஷகிலா, பிரகதீஷ், நான் என்று நான்கு பேர் உட்கார்ந்தோம். மிதுலா மட்டும் நின்றாள். பிரகதீஷ் மடியில் தொடுதிரைப் பலகையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடவினான். அப்புறம் முகம் மாறிவிட்டது. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"கோகிலாக்கா சரின்னுதான் சொல்லியிருக்கிறாங்க," என்று என்னைக் காட்டினான். "மேனேஜர் சாரும் சரிதான். மூணு மாசமும்."

எனக்கு உயிர் வந்தது. மேனேஜர், நான் வேறு என்ன சொல்வேன் என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"அப்ப என்ர புள்ளைய எதுக்குத் தூக்கிட்டுப் போனாங்க?" என்றாள் மிதுலா. கத்தவில்லை. எனக்கு அவள் கத்தியதே தேவலாம் போலிருந்தது.

பிரகதீஷ் விளக்கிச் சொன்னான். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான், அதனால் உங்களுக்கும் புரியும்.

"ஸ்கிரிப்ட்டுக்குன்னு சொந்தமா எதுவும் தெரியாதுங்க்கா. அது மேஸ்திரி மாதிரி. வெளிய இருக்கிற ஆளைக் கூப்பிட்டு வேலை சொல்லும், அவங்க சொல்ற பதிலை ஒரு டம்ளர்ல பிடிச்சுக்கும், பிடிச்சதைச் சோதிச்சுப் பார்த்துட்டு அடுத்த வேலைக்குப் போகும். இங்க வெளி ஆளுங்கிறது உங்க வாசல்பெட்டி."

"சரி, பிடிச்சுதா?"

"பிடிச்சுது. ஆனா ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு வாய் இருக்குதுங்க்கா. ஒண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்ற வாய். இன்னொண்ணு தன்னோட குறையைச் சொல்ற வாய். பேட்டரி இறங்கிருச்சு, மழைத்தண்ணி பூந்துருச்சுங்கிற மாதிரி. ரெண்டையும் தனித்தனி டம்ளர்ல பிடிக்கணும். இதுல எழுதினவன் ரெண்டையும் ஒரே டம்ளர்ல ஊத்திட்டான். ஊத்திட்டு முதல் வரியை மட்டும் படிச்சுப் பார்க்கிறான். முதல் வரி 'சரி'யா இருந்தாச் சரி. வேற எதுவா இருந்தாலும் சரியில்லை."

பலகையைத் திருப்பிக் காட்டினான். ஷகிலாவின் பெட்டியிலிருந்து மாதம் ஒரு வரி: சரி. என் பெட்டியிலிருந்தும் மேனேஜர் பெட்டியிலிருந்தும் மாதம் இரண்டு வரி. இரண்டாவது வரி சரி. முதல் வரியில், 'கண் மறைந்துள்ளது, துடைக்கவும். குரலை வைத்து ஆளை அறிந்தேன்' என்றிருந்தது.

"பெட்டி வேலையை ஒழுங்கா முடிச்சுட்டுப் போறப்ப ஒரு எண்ணையும் கையில கொடுத்துட்டுப் போகும்," என்றான் பிரகதீஷ். "பூஜ்யம்னா நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம். உங்க ரெண்டு பெட்டியும் மூணு மாசமும் பூஜ்யந்தான் கொடுத்திருக்குது. அந்த எண்ணை ஸ்கிரிப்ட் திரும்பிக்கூடப் பார்க்கல."

பூஜ்யம் வாங்கினால் பாஸா, என்ன அநியாயம் என்றார் மேனேஜர்.

மிதுலா பலகையைக் கையில் வாங்கி அந்த வரிகளைப் படித்தாள். மாதம் இருநூறு முந்நூறு பம்ப்பைச் சோதிக்கிறவள் கேட்கிற கேள்வியைத்தான் அவள் கேட்டாள்.

"கெட்டுப்போன பெட்டியை வெச்சு ஓட்டிப் பார்த்தீங்களா தம்பி?"

"எங்க ஆபீஸ்ல இருந்ததெல்லாம் புதுப் பெட்டிங்க்கா. ஒரு வரிக்கு மேல வந்ததே இல்ல."

"நாங்க பம்ப்பைத் தண்ணியில்லாம ஓட்டுவோம், அடைச்சுவெச்சு ஓட்டுவோம், தலைகீழாக்கூட ஓட்டுவோம். கெட்டா எப்படிக் கத்தும்னு தெரிஞ்சுக்கிறதுக்கு. ஒரு பம்ப்பைக் கழிச்சுக்கட்டறதுக்கு முன்னாடி திறந்து பார்ப்போம். பம்ப்பை."

எழுதினவன் யாரப்பா என்று மேனேஜர் கேட்டார். பிரகதீஷ் பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். இரண்டு காதும் சிவந்திருந்தன. எனக்கு அது போதுமானதாக இருந்தது. மிதுலாவுக்கும் போதுமானதாக இருந்திருக்கும். அவள் வாசலுக்குப் போனாள்.

வாசலில்தான் மீதி விஷயம் இருந்தது.

எங்கள் வீதியில் ஆயுதபூஜைக்கு எதையும் விடமாட்டோம். வண்டி, மிக்ஸி, தையல் மெஷின், தண்ணீர் மோட்டார், பேரப்பிள்ளையின் பலகை, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. வாசல்பெட்டிக்கும் வைப்போம். முகம் என்று ஒன்று இருந்தால் பொட்டை அதன் நடுவில்தானே வைக்கத் தோன்றும்? அதன் நடுவில் இருப்பது கண். வைத்த பொட்டை யாரும் துடைக்கமாட்டோம், அதுவாக உதிர்ந்தால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பூஜைக்கு முன்தினம் கழுவுவோம். வழக்கமாக இரண்டு மூன்று நாளில் காய்ந்து விழுந்துவிடும். பெரியவர்கள் விரல் நுனியில் எடுத்துச் சும்மா ஒற்றுகிறவர்கள்தானே.

அந்த வருஷம் பொட்டு வைத்தது அமுதினி.

நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மிதுலா கம்பெனிப் பூஜைக்குப் போயிருந்தாள், குழந்தையை என்னிடம் விட்டிருந்தாள். சந்தனக் கிண்ணத்தைப் பார்த்ததும், நான் வைக்கிறேன் நான் வைக்கிறேன் என்று ஒரே பிடிவாதம். எட்டவில்லை என்று இடுப்பில் தூக்கிக்கொண்டேன். இரண்டு நாள் இடுப்பு வலித்தது. என் பெட்டிக்கு வைத்தாள், மேனேஜர் வீட்டுப் பெட்டிக்கு வைத்தாள், அவள் வீட்டுப் பெட்டிக்கும் வைத்தாள். கிண்ணத்தில் விரலை முழுசாக முக்கி, களிமண் அப்புகிற மாதிரி அப்பி, அமுக்கி அமுக்கி வைத்தாள். ஷகிலா வீட்டு கேட்டில் நின்றபோது, எங்க வீட்டுக்கு வேண்டாம் கண்ணு என்று ஷகிலா சிரித்து, அவள் கை நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்தாள். அதனால் ஷகிலாவின் பெட்டி மட்டும் மூன்று மாதமும் ஒரே வரி பேசியது.

இதை நான் வாசலில் நின்று சொல்லி முடித்தபோது எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டியின் கண்மேல் சந்தனம் ஓடு மாதிரி இறுகியிருந்தது. நடுவில் ஒரு சின்னக் குழி.

"விரல் பதிஞ்சிருக்குது," என்றாள் மிதுலா.

நான் அதை முன்பே பார்த்திருந்தேன். குழந்தையை வண்டியில் ஏற்றிப் போன அன்று சாயங்காலம் பார்த்தேன். அதனால்தான் கைவைக்கவில்லை. அந்த மூன்று மாதம் கைவைக்காமல் இருந்ததற்கு அப்படி எந்தக் காரணமும் கிடையாது. பெட்டி ஒவ்வொரு தடவையும் என்னவோ முனகத்தான் செய்தது. துடைக்கணுமாம், வேறு வேலை இல்லை என்று உள்ளே போயிருக்கிறேன். மேனேஜர் அதற்குள் தன் வீட்டு கேட்டுக்குப் போய், கைக்குட்டையில் எச்சில் தொட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சுரண்டிக்கொண்டிருந்தார்.

பிரகதீஷ் படம் எடுத்துக்கொண்டு அன்றே தன் மேலதிகாரியிடம் போனான். அவர் சொன்னதை அவன் எனக்கு வந்து சொன்னான். ஸ்கிரிப்ட் எங்கேயாவது நின்றுபோனால்தான் அது பிழையாம். இது நிற்கவே இல்லையாம், ஒவ்வொரு மாதமும் குறித்த நேரத்துக்கு ஓடி முடிந்திருக்கிறதாம். ஓடி முடிந்ததை எப்படிப் பிழை என்று எழுதுவது என்று கேட்டாராம். எழுத வைப்பதற்குப் பதினேழு நாள் ஆயிற்று. திருத்துவதற்கு ஒரு மதியம். இரண்டே வரிதான் என்றான்.

மறுபடி ஓட்டினார்கள். என் பெட்டியை நானே கழுவியிருந்தேன். மிதுலா அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மூன்று வாசலும் சரி என்றது. மூன்று டம்ளரும் சுத்தம்.

ஆனால் அந்தப் பதினேழு நாளில் அமுதினி வேறொரு வீட்டுக்குப் போய்விட்டாள். வரிசையில் காத்திருக்கிறவர்கள் ஏராளம்; ஒரு குழந்தை திரும்பி வந்தால் அடுத்த வீட்டை ஸ்கிரிப்ட்டே தேர்ந்தெடுத்துவிடும். அந்த வீட்டுக்குப் பக்கத்து மூன்று வாசலையும் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் மூன்றும் சரி.

மிதுலாவோடு நானும் வாரிய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். துணைக்கு என்று சொன்னேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர், எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"உங்க வீடு சரியான வீடுதாம்மா, அதுல இப்ப சந்தேகமே இல்லை. அந்த வீடும் சரியான வீடு. சரியா இருக்கிற வீட்டிலிருந்து குழந்தையை எடுக்க எங்ககிட்ட விதி இல்லை."

"என்ர வீட்டிலிருந்து எடுத்தீங்களே?"

"அன்னிக்கு அது சரியில்லைன்னு வந்துச்சும்மா."

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த குழந்தைக்கு உங்களை வரிசையில் முதலில் போடுகிறோம் என்றார். மிதுலா எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் சிங்காநல்லூர் வரைக்கும்தான் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது.

இதற்கு நடுவே பிரகதீஷ் ஒரு காரியம் செய்தான். ஆயுதபூஜைக்கும் பொங்கலுக்கும் இடையில், இந்த மாதிரி இரண்டு வரி பதிலால் வீடு மாறிய குழந்தைகள் மாவட்டத்தில் எத்தனை என்று எடுத்துப் பார்த்தான். நாற்பத்தொன்று. ஆபீஸில் வெளியே சொல்லவேண்டாம் என்று கையெழுத்து வாங்கினார்களாம். அவன் என்னிடம் சொன்னான். எதற்கு என்னிடம் சொன்னான் என்று ரொம்ப நாள் யோசித்தேன். நாலு பேர் காதில் விழ வேண்டிய விஷயத்தை அவன் வேறு யாரிடம் சொல்லியிருக்க முடியும்? நான் ஒரு வாரத்துக்குள் என் கடமையைச் செய்தேன். நாற்பத்தொரு வீட்டில் முப்பத்தாறு வீட்டுக்கு விஷயம் போயிற்று, கூட்டமாகப் போய் வாரியத்து வாசலில் நின்றார்கள், இன்னும் புது வீடு பார்க்காமல் விடுதியில் இருந்த பத்தொன்பது குழந்தைகள் திரும்பி வந்தன. பிரகதீஷுக்கு வேலை போயிற்று. நான் சொன்னதால் போயிற்று. அவன் வாயைத் திறக்காதே என்று சொல்லவில்லை, அதை மட்டும் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அமுதினி அந்தப் பத்தொன்பதில் இல்லை.

புது வீட்டின் விலாசத்தை வாரியம் யாருக்கும் சொல்லாது. ஆனால் தை மாதத்தில் ஏதோ ஒரு வீதியில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று திடீரென்று வந்து இறங்கினால் அதை எத்தனை நாள் மறைக்க முடியும்? என் நாத்தனார் உடுமலையில் இருக்கிறாள். என்னைவிட அவள் ஒரு படி மேல். அவளிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவள் இரண்டு பேரைக் கேட்டாள். மூன்றாவது போனில் உடுமலையிலேயே ஒரு வீதிப் பெயரும் கதவிலக்கமும் வந்துவிட்டன. ஒரு துண்டுத்தாளில் எழுதி மிதுலாவின் கையில் கொடுத்தேன். கொடுத்தது தப்பு என்று இன்றைக்கும் வீதியில் சொல்கிறார்கள். ஷகிலா என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"பார்த்தா மனசு ஆறும்னு நினைச்சீங்களாக்கா? ஆறாது."

அதன்பிறகு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பிரகதீஷ் ஓசூருக்குப் போய் வேறு வேலையில் சேர்ந்துவிட்டான். வைகாசியில் கல்யாணம், பெண் பல் டாக்டராம். பத்திரிகை மேனேஜருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. மேனேஜர் மகனோடு இருக்கிறேன் என்று மைசூருக்குக் கிளம்பினார்; அங்கே மருமகளோடு ஒத்துவரவில்லை என்று கேள்வி, விவரம் இன்னும் வரவில்லை. ஷகிலாவின் மூத்த மகளுக்கு ஈரோட்டில் நிக்காஹ் நடந்தது, சாப்பாடு பிரமாதம். மிதுலா பம்ப் கம்பெனியை விட்டுவிட்டு, காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலை ஒன்றில் சேர்ந்து உடுமலைக்கே போய்விட்டாள்.

ஆடி பிறந்து ஒரு பதினைந்து நாள் இருக்கும், நாத்தனாரைப் பார்க்கிற சாக்கில் உடுமலைக்குப் போனேன். ஆங்கில மாதம் ஒன்றாம் தேதி. தேதி பார்த்துத்தான் போனேன். காற்று அப்படி அடித்தது, சேலையைப் பிடிப்பதா பையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

மிதுலா வாடகைக்குப் பிடித்திருந்தது அமுதினியின் புது வீட்டை ஒட்டின வீடு. நடுவில் இடுப்பளவு மதில் ஒன்றுதான். அவள் குடிவந்த முதல் நாளே அமுதினி மதில் ஓரம் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாளாம். அந்த வீட்டு அம்மா, பெயர் செண்பகவல்லி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாளாம். ஒன்றுமே கேட்கவில்லையாம். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் தட்டைப்பயறு குழம்பு கொடுத்தனுப்பினாளாம். குழந்தைக்கு இப்போது அவள் அம்மா, இவள் கோயமுத்தூர் அம்மா. தலை நன்றாக வாரிப் பின்னியிருந்தது, அதை நான் கவனித்தேன்.

பத்து மணிக்குக் கால்மணி நேரம் முன்னால் செண்பகவல்லி அமுதினியை மதிலுக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டுங்க என்றாள். புதுசா எடுத்த சேலை என்று சொல்லி ஒன்றைக் கொண்டுவந்து மதில்மேல் எனக்கு விரித்துக் காட்டினாள்; எனக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு என்னைத் தெரியாது. பேச்சு சேலையில் இருந்தது, கண் மிதுலாவின் கேட் தூணில் இருந்தது.

பத்து மணிக்குப் பெட்டி கூப்பிட்டது. மிக அருகிலுள்ள மூன்று வாசலில் ஒன்று இப்போது மிதுலாவின் வாசல்.

மிதுலா போய் நின்று, சரி, குழந்தை நல்லா இருக்குது என்றாள். தெளிவாக, மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. செண்பகவல்லி சேலையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். மடிப்பு கோணல்.

குழந்தை உள்ளே விளையாடப் போனபிறகு நான் கேட்டேன். கேட்காமல் என்னால் எப்படி இருக்க முடியும்? சரியில்லைன்னு சொல்லணும்னு தோணலையா அம்மிணி என்றேன்.

"சொன்னா மூணாவதா ஒரு வீட்டுக்குத்தான் போவா. எனக்குக் கிடைக்கமாட்டா. இங்க நல்லாத்தான் இருக்குறா. அதனால மாசாமாசம் சரின்னுதான் சொல்றனுங்க்கா."

"அப்ப அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிரு. ஒண்ணாந்தேதி ஆனா அவ உயிரே கையில இல்ல பாரு. பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை."

மிதுலா உள்ளே பார்த்தாள். அமுதினி தரையில் உட்கார்ந்து அவளுடைய ஸ்பேனர்களைப் பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு மாசமும் நினைக்கிறேன்," என்றாள். "சொல்லிட்டா, அடுத்த ஒண்ணாந்தேதி புள்ளைய அனுப்புவாங்களான்னு தெரியலை."